பூட்டு பழையது, சாவி புதிது

வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் சுவரும் கூரையும் அடுப்பும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கதவிலுள்ள பூட்டு தோன்றுவதில்லை. சாவி தொலைந்த அன்றுதான் பூட்டு என்ற ஒன்று வீட்டில் இருப்பதே நமக்கு நினைவு வருகிறது. அன்றும் நாம் பூட்டின் கனத்தையே பார்க்கிறோம். ஆனால், ஒரு வீட்டின் காவல் அதன் சாவிகள் எத்தனை கைகளில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பூட்டுத் தொழிலாளருக்கு இது முதற்பாடம். மலைநாட்டு மக்கள் லயத்தை விட்டுத் தனி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவரும் இக்காலத்தில், அத்தொழிலாளரிடம் நாம் கேட்டறிய வேண்டிய கலை ஒன்று உண்டு. பூட்டை எறிந்துவிடாமல் அதன் சாவியை மட்டும் மாற்றிக்கொள்ளும் கலையே அது.

பெயர்களிலேயே ஒரு சுவை இருக்கிறது. நூலோர் திறவுகோல் என்பர். யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பர். மலைநாட்டில் நாம் சாவி என்றே வழங்குகிறோம். சாவி என்பது போர்த்துக்கேயரிடமிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல். தொங்கு பூட்டை ஈழத்தார் ஆமைப்பூட்டு என்று அழைப்பர். சிங்கள மக்களும் அதனை ஆமைக்குரிய ‘இப்பா’ என்ற பெயராலேயே சுட்டுவர். ஓட்டுக்குள் தன்னை ஒடுக்கிக் காத்துக்கொள்ளும் பிராணியின் பெயரை இரு மொழியாரும் ஒருங்கே தெரிந்தெடுத்தது வியப்புக்குரியதன்றோ!

லயமும் ஆமைப்பூட்டும்

ஆங்கிலேயர் காலத்து லயக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அந்தக் காம்பராவும் அதன் கதவும் தோட்டத்துக்குச் சொந்தம். கொண்டியில் மாட்டிய ஆமைப்பூட்டு ஒன்றுதான் குடியிருந்தவருக்குச் சொந்தம். தோட்டத்து வேலை போனால் காம்பராவும் போய்விடும். பூட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

அங்கே பூட்டு பெயருக்குத்தான் காவல். கணவனும் மனைவியும் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்விட்டால், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கென்று சாவி அடுத்த காம்பரா அக்காவிடம் இருக்கும். அல்லது கதவு நிலைக்கு மேலுள்ள இடுக்கில் இருக்கும். ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவில் கேட்கும். அந்நியர் ஒருவர் வாசலில் நின்றால் பத்துக் கண்கள் பார்க்கும். அயலார் கண்ணே அங்கு உண்மையான பூட்டு.

இப்போது நிலை மாறி வருகிறது. இந்திய உதவியுடன் தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 2017 மே 12 ஆம் நாள் நோர்வூட்டில் கூடிய பெருங்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனித்து நிற்கும் வீடு; அதற்கு முன்வாசல், பின்வாசல்; கதவுக்குள்ளேயே பொருத்திய பூட்டு. காணி உறுதி கைக்கு வருமுன்னே சாவி கைக்கு வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு அந்தச் சாவியே முதல் உரிமைப் பத்திரம் போன்றது.

ஆனால் அந்தச் சாவி எங்கெங்கே சென்று வந்தது என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் புதிய வீடாயினும், பூட்டைப் பொருத்திய தச்சர், வண்ணம் பூசியவர், மின்கம்பி இழுத்தவர், மேற்பார்வை செய்தவர் என்று அது பலர் கைகளைக் கடந்தே நம்மிடம் வருகிறது. அவர்களில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், ஒரு பிரதி எங்கேனும் ஓர் ஆணியில் தொங்குகிறதா என்பதை நாம் எப்படி அறிவது? தாய் வெளிநாட்டுக்கும் தந்தை கொழும்புக்கும் உழைக்கப் போயிருக்க, பாட்டியின் துணையில் பெண் பிள்ளைகள் தனித்திருக்கும் வீடுகள் மலைநாட்டில் எத்தனை! இந்தக் கேள்வி அவர்களுக்காகவே எழுகிறது.

பூட்டின் உள்ளே

சாவியை மாற்றுதல் என்றால் என்ன என்று விளங்க வேண்டுமாயின், பூட்டின் உள்ளே சிறிது எட்டிப்பார்க்க வேண்டும். இன்றைய வீட்டுக் கதவுகளில் பெரிதும் காணப்படுவது சிலிண்டர் பூட்டு. குச்சிகளால் தடுக்கும் இந்த முறை பண்டைய எகிப்தியரின் மரப் பூட்டுகளிலேயே இருந்தது. அமெரிக்கரான லைனஸ் யேல் என்ற இளையவர் 1861 ஆம் ஆண்டிலும் 1865 ஆம் ஆண்டிலும் பெற்ற உரிமங்களால் அது இன்றைய சிறிய, தட்டையான சாவிக்கு ஏற்ற வடிவம் பெற்றது.

சிலிண்டர் ஒரு பித்தளைக் கூடு. அதனுள்ளே சுழலக்கூடிய உருளை ஒன்று இருக்கிறது. சாவி நுழைவது அவ்வுருளையின் பிளவில். கூட்டிலிருந்து உருளைக்குள் ஐந்து அல்லது ஆறு துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஒரு கீழ்க்குச்சி, அதன்மேல் ஒரு மேற்குச்சி, அதற்கும் மேல் ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது வில் அழுத்த, மேற்குச்சி கூட்டில் பாதியும் உருளையில் பாதியுமாய் நின்று உருளையைச் சுழலவிடாது தடுக்கும். உரிய சாவி நுழைந்ததும் அதன் மேடுபள்ளங்களுக்கேற்பக் கீழ்க்குச்சிகள் எழும்பும். மேற்குச்சியும் கீழ்க்குச்சியும் சந்திக்கும் இடங்கள் யாவும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் அமையும். உடனே உருளை சுழலும், கதவு திறக்கும்.

ஆகவே, சாவியின் மேடுபள்ளமும் கீழ்க்குச்சிகளின் நீளமும் ஒன்றுக்கொன்று மறுபாதி. குச்சிகளை மாற்றினால் பூட்டுக்குப் பழைய சாவி அந்நியமாகிவிடும்.

தொழிலாளி செய்வது

இக்காரியத்தைத் தேர்ந்த தொழிலாளி செய்யும் முறை பார்க்கத்தக்கது. முதலில் சிலிண்டரைக் கதவிலிருந்து கழற்றுவார். வழங்கும் சாவியை இட்டு உருளையைச் சிறிது திருப்பி, பின்புறத்துக் கொக்கியை நீக்குவார். பின்பு உருளையின் பருமனுள்ள ஓர் உருண்டைக் கோலை அதன் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வருவார். உருளை முன்னே வெளிவர, கோல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இக்கோல் சற்றே பின்தங்கினாலும் வில்லும் குச்சியும் துள்ளி மூலைக்கொன்றாய்ச் சிதறும். மிளகிலும் சிறிய அவற்றைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

உருளை கைக்கு வந்ததும் பழைய கீழ்க்குச்சிகளைக் கொட்டிவிடுவார். புதிய சாவியை நுழைத்து, ஒவ்வொரு துளையிலும் உருளையின் விளிம்போடு சமமாய் நிற்கும் நீளமுள்ள குச்சியைத் தேர்ந்து இடுவார். மேலெழுந்து நின்றாலும் தவறு, உள்ளே அமிழ்ந்தாலும் தவறு. பின்பு கோலைத் தள்ளிக்கொண்டு உருளையை மீளச் செலுத்துவார். கதவைத் திறந்து வைத்தபடியே பலமுறை பூட்டித் திறந்து பார்த்த பின்னரே கதவைச் சாத்துவார். சாத்திய பின் சோதிப்பவர் வெளியே நிற்க நேரலாம்!

குறுக்கு வழியும் உண்டு. அதனை வாசகர் அறிந்திருத்தல் நன்று. பொருந்தாத குச்சியை எடுத்தெறிந்துவிட்டுத் துளையை வெறுமையாய் விட்டாலும் புதிய சாவி திருப்பமாகத் திரும்பும். கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு குச்சிக்கும் ஆறு நீளங்கள் என்று கொண்டால், ஐந்து குச்சிகளுக்கு 7,776 வகைச் சாவிகள் அமையலாம். இரண்டு குச்சிகளை நீக்கி மூன்றை மட்டும் வைத்தால் எஞ்சுவன 216 வகைகளே. பூட்டு வெளித்தோற்றத்தில் அப்படியே இருக்கும். காவலோ முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். எனவே, வேலை முடிந்ததும் “எல்லாத் துளையிலும் குச்சி இருக்கிறதா?” என்று கேட்டுவிடுவது நம் கடமை.

சில கதவுகளில் சிலிண்டரை ஒரே ஒரு நீண்ட திருகாணி பிடித்திருக்கும். அதனைக் கழற்றிப் புதிய சிலிண்டரை மாட்டிவிடலாம். கைப்பிடியும் பெட்டியும் பழையனவே நிற்கும். குச்சிகள் வைத்திருக்கும் தொழிலாளி அருகில் இல்லாத சிற்றூர்களுக்கு இதுவே எளிய வழி. தகடுகளால் இயங்கும் பழைய வகைப் பூட்டாயின், பெட்டியைத் திறந்து தகடுகளின் வரிசையை மாற்றி, அதற்கேற்ப வேறு சாவி வெட்டுவர்.

தானே பழகும் பூட்டு

குச்சியைத் தொடாமலே புதிய சாவிக்குப் பழகிக்கொள்ளும் பூட்டுகளும் உண்டு. இது இக்காலத்துக் கற்பனையே அன்று. 1851 இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹொப்ஸ் என்பவர் வங்கிகளுக்குரிய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். டே, நியூவெல் கூட்டு நிறுவனத்தின் அப்பூட்டில், சாவியின் பற்களை வரிசை மாற்றி அமைத்துப் பூட்டினால், பூட்டு அந்த வரிசையையே தன்னதாக்கிக்கொள்ளும். அதே பயணத்தில் ஹொப்ஸ், எவராலும் திறக்கவியலாது என்று ஆங்கிலேயர் பெருமை பேசிய சப் பூட்டை 25 நிமிடத்தில் சாவியின்றித் திறந்து காட்டினார். பிராமா பூட்டைப் பதினாறு நாட்களில் 51 மணிநேரம் உழைத்து வென்றார். திறக்கவே முடியாத பூட்டு என்ற நம்பிக்கை அத்துடன் ஆட்டங்கண்டது.

வங்கிக்கு இருந்த அந்த வசதி வீட்டுக் கதவுக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின. அமெரிக்காவின் குவிக்செற் நிறுவனம் 2000 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வெளியிட்ட பூட்டில், பழைய சாவியை இட்டுக் கால்வட்டம் திருப்பி, சிறு கருவி ஒன்றால் அழுத்தி, சாவியை உருவிப் புதியதை நுழைத்துத் திருப்பினால் காரியம் முடிந்தது. அங்குள்ள தொழிலாளர் இதனை முதலில் ஐயத்தோடே நோக்கினர். பலமாகத் திருகினால் தொடக்ககால வகைகள் இடங்கொடுத்துவிடுகின்றன என்று குறை கூறினர். அதைவிடப் பெரிய வரம்பு ஒன்றும் உண்டு: மாற்றுவதற்குப் பழைய சாவி கையில் இருந்தே ஆக வேண்டும். அது தொலைந்துவிட்டால் மீண்டும் தொழிலாளியின் வாசலையே நாட வேண்டும்.

புதிய குடியிருப்புகளைக் கட்டுவோருக்கென இன்னுமோர் ஏற்பாடு மேல்நாடுகளில் வழக்கில் இருக்கிறது. கட்டுவோரின் சாவி எல்லா வீடுகளையும் திறக்கும். வீட்டுக்காரர் தம் சாவியை முதன்முறை திருப்பியதும், உள்ளேயுள்ள நுண்ணிய உருண்டைகள் இடம் பெயர்ந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து கட்டுவோரின் சாவி செல்லாது. எங்கள் மலைநாட்டு வீட்டுத் திட்டங்களுக்கு இதனைவிடப் பொருத்தமானது வேறில்லை. அது கிட்டாதவரை, குடிபுகும் நாளில் சிலிண்டரை மாற்றிக்கொள்வதே தகும்.

ஈரமும் குளிரும்

மலைநாட்டுப் பூட்டுக்குக் கள்வனைவிடக் கொடிய பகை ஈரம். வட்டவளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இரும்புக் கூடு துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி நிலையோடு இறுகும். அப்போது சாவியைப் பலவந்தமாய்த் திருகி உடைத்துவிட்டுப் பூட்டைப் பழிக்கிறோம். கதவைச் சீவவேண்டிய இடத்தில் சாவியைத் திருகிப் பயனில்லை.

இன்னொன்று, தேங்காயெண்ணெய். கடலோரத்தில் உருகி ஓடும் அவ்வெண்ணெய் நுவரெலியாவின் குளிரில் உறைந்து கட்டியாகும். அதைச் சிலிண்டருக்குள் விட்டால் குச்சிகள் ஒட்டிக்கொள்ளும், தூசியும் சேரும். அதற்குப் பதிலாக, மென்மையான பென்சிலின் கரியைச் சாவியின் வெட்டுகளில் தேய்த்துச் சிலமுறை நுழைத்து எடுப்பது போதும். செலவில்லாத மருந்து இது.

மாற்ற வேண்டிய வேளை

சாவி வெட்டுவோர் பெரும்பாலும் குடை திருத்துவோராகவும் இருப்பர். கடைத்தெருவில் ஒரு பெட்டியும் அரமுமாய் அமர்ந்திருக்கும் அவரிடம் ஓர் ஊரின் இரகசியமே அடங்கியிருக்கிறது. சவர்க்காரத்தில் அச்செடுத்து வந்து சாவி கேட்பவனை நல்ல தொழிலாளி திருப்பி அனுப்பிவிடுவார். பூட்டிய வீட்டைத் திறந்துவிட அழைத்தால், வீடு யாருடையது என்று அயலாரிடம் விசாரிப்பார். அதனால் நாம் சினங்கொள்ளலாகாது. நம் வீட்டை அந்நியனுக்குத் திறந்துவிடாதவரும் அவரே.

புதிதாய்க் குடிபுகும்போதும், குடியிருந்தவர் விலகும்போதும், சாவி முகவரியோடு தொலைந்துபோனபோதும், உறவு முறிந்தபோதும் சாவியை மாற்றிவிடுவது விவேகம். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் விருந்தினருக்கு வீடு விடும் நுவரெலியாக்காரரும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் அறை கொடுக்கும் ஹற்றன்காரரும் இதனை ஆண்டுக் கடமையாகவே கொள்ளலாம். அறை தேடிவரும் பெண் ஆசிரியை “இதன் சாவி வேறு யாரிடம் உண்டு?” என்று கேட்டால், அதை அவமதிப்பாகக் கருதாமல் நேரிய விடை கூறுவதே பண்பு.

லயத்தில் அயலாரின் கண் நம்மைக் காத்தது. தனி வீட்டிலும் அந்த அன்பு வேண்டியதே. நம்பிக்கைக்குரிய அக்காவிடம் ஒரு சாவி இருக்கட்டும். ஆனால் அது நாமே எண்ணிப் பார்த்து, நம் கையால் கொடுத்த சாவியாக இருக்க வேண்டும். இரு நூற்றாண்டுகளாகப் பிறர் கதவுக்குப் பூட்டு மாட்டி வாழ்ந்த மக்கள், தம் கதவின் சாவிகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணும் நாளே அவர்கள் உண்மையில் குடிபுகும் நாள்.