அலிபிரிக்கு மேலே கூடாரம் போடுமுன்

அலிபிரியைத் தாண்டினால் காடு தொடங்கிவிடுகிறது. திருமலைப் படிக்கட்டுக்கு இருபுறமும் விரியும் சேஷாசல மலைகளுக்குள் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்ற ஆசை சென்னை, வேலூர் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு உண்டு. ஆசையில் தவறில்லை. ஆனால் எந்த டென்ட் வாங்கலாம் என்று தேடும்போது கிடைக்கும் யோசனைகளில் பல, அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. உரிமம் வாங்கி மான் சுடப் போகிறவர் எடையைக் குறைக்கத் தரைத்துணியே இல்லாத டென்ட்டை எடுப்பார். உள்ளே சின்ன விறகடுப்பு வைப்பார். விலங்கின் கண்ணில் படாமலிருக்க இலைதழை நிறம் பார்ப்பார். அதே டென்ட்டைச் சேஷாசலத்துக்குத் தூக்கிப் போனால் உயிருக்கும் ஆபத்து, வழக்கும் வரலாம்.

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, விரட்டுவது, பறவைக் கூட்டைக் கலைப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தலைமுறைகளாகக் காட்டில் வாழும் பழங்குடியினருக்குப் பல உரிமைகளைத் தந்தது. வேட்டை உரிமையை மட்டும் அவர்களுக்கும் தரவில்லை.

வேட்டை எண்ணமே இல்லாதவர்கள்தான் இதற்கு அடுத்த விதியில் சிக்குகிறார்கள். அலிபிரிக்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. 1989-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். அதையும் உள்ளடக்கிய சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் 2010-இல் வந்தது. பூங்காவுக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலா, புகைப்படம், ஆய்வு போன்ற காரணங்களுக்கு அதைக் கேட்கலாம். அனுமதிச் சீட்டு இருந்தாலும் ஆயுதம் கொண்டுபோகத் தனியாக எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ஆயுதம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கத்தி, தூண்டில் முள், வலை எல்லாம் அடக்கம். முகாமில் காய்கறி நறுக்க வைத்திருக்கும் கத்தியும் கேள்விக்குள்ளாகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேஷாசலம் செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று இங்கே செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை. தமிழ்நாட்டுப் பதிவு எண் வண்டி, இரவு நேரம், மறைவிடத்தில் இலைதழை நிற டென்ட் என எல்லாம் ஒன்றாகச் சேரும்போது அனுமதி கையில் இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆபத்தில் நிற்கிறார் என்று நான் அஞ்சுகிறேன். ஆரஞ்சு, மஞ்சள் என்று தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் வாங்குங்கள். வழி தவறினால் தேடி வருபவர்களுக்கும் அதுதான் உதவும்.

வனத்துறையினர் நிறுத்தினால் ஓடக் கூடாது. அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள். கைது செய்தால் அதற்கான காரணத்தைச் சொல்லவும் உறவினருக்குத் தகவல் தரவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தெலுங்கு தெரியாதவர், தாளில் எழுதியிருப்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100.

இனி டென்ட். இரண்டு பேருக்கு இரண்டு கிலோவுக்குள் நல்லது கிடைக்கிறது. அதற்கும் கீழே குறைக்கிறேன் என்று தரைத்துணியையும் கொசுவலை உள்கூட்டையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் காடுகளில் கட்டுவிரியன் உண்டு. இரவில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த வலியே பல நேரம் தெரியாது. ஓரங்கள் மேலேறித் தைத்த தரையும் முழுதும் மூடும் ஜிப்பும் இங்கே உயிர்காப்பு. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐ அழைத்துத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலை முழுக்கக் குவார்ட்சைட் பாறை, முளை இறங்காது. ஆகவே முளையில்லாமல் தன் கம்பிகளிலேயே நிற்கும் வகையை எடுத்து, கயிறுகளைக் கல்லில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒற்றைத் துணி டென்ட் தாங்கினாலும் உள்ளே வியர்த்துக் கொட்டும். இரட்டை அடுக்கே சரி. ஓடைப் படுகையில் எந்தக் காலத்திலும் போட வேண்டாம். 2021 நவம்பர் பெருமழையில் மலைப்பாதையும் நடைபாதையும் மூடப்பட்டதைத் திருப்பதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விறகடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய டென்ட்டுக்குள் எரியும் எந்த அடுப்பும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடால் தூக்கத்திலேயே கொல்லும். வெளியே தீ மூட்டுவதும் பூங்காவில் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. கோடையில் சேஷாசலமும் அதே காய்ந்த சருகுக் காடு.

சிறுத்தைக்கு எந்த டென்ட்டும் அரண் ஆகாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையிலேயே ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு விலங்கைத் தாக்கினால் குற்றமில்லை என்கிறது சட்டம். ஆனால் அந்த நேரத்தில் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு, அதாவது அனுமதியின்றிப் பூங்காவுக்குள் புகுந்தவருக்கு, இந்தப் பாதுகாப்பு கிடையாது. காட்டில் ஓர் இரவு போதும் என்பவர்களுக்குத் தலக்கோனாவில் வனத்துறைச் சூழல் சுற்றுலா விடுதி இருக்கிறது.

வாங்கும்போது பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரிப்பு நாடு, அதிகபட்ச விலை, புகார் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இவை கட்டாயம். வந்ததும் மொட்டைமாடியில் விரித்து, ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். தையல் ஒழுகினால் வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் புகார் செய்யுங்கள். இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பயனில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.