பாட்டனாரின் பேனாக்கத்தி

நம் இல்லங்களில் உள்ள பழைய மரப்பெட்டிகளைத் துழாவினால், சாவிக்கொத்துக்கும் நின்றுபோன கைக்கடிகாரத்துக்கும் இடையே துருவேறிய மடக்குக் கத்தி ஒன்று அகப்படுவதுண்டு. கொழும்பிலும் பினாங்கிலும் வாணிபம் செய்து திரும்பிய முன்னோரின் சட்டைப்பையில் ஊர் வந்து சேர்ந்தவை அவை. பழைய இரும்புக்காரரிடம் போடுவதா, தேய்த்துப் பளபளப்பாக்குவதா என்ற இரண்டே எண்ணங்கள்தாம் நமக்குத் தோன்றும். இரண்டுமே தவறு என்பதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

எங்கள் தாய்வழிப் பாட்டனார் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுச் சென்ற பேனாக்கத்தி, எண்பத்தெட்டு வயதான என் பெரியும்மாவிடம் ஒரு துணிச்சுருளில் இருந்தது. "இது வாப்பாவோட வாப்பா வச்சிருந்த கத்தி" என்று சொல்லித்தான் அதை என் கையில் தந்தார். பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று. சிறிய அலகை என் அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன்பே உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி போலாக்கிவிட்டிருந்தார். பெரிய அலகு துருவில் இறுகித் திறக்க மறுத்ததால் அவர் கையிலிருந்து தப்பியது. அந்தத் துருவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஏனெனில், ஒரு பழைய கத்தியின் வரலாறு முழுவதும் அலகின் அடிக்கட்டையில், அதாவது கைப்பிடியை ஒட்டிய கூர்மையற்ற பகுதியில், பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிப்பின் ஆழம் ஒரு மயிரிழைதான். உப்புத்தாள் நான்கு முறை ஓடினால் அது போய்விடும். எனவே முதலில் படிக்க வேண்டும். துடைப்பது அதற்குப் பிறகு.

மடிப்பில் மண்ணெண்ணெய் சில துளிகள் விட்டு ஓரிரவு வைத்தேன். மறுநாள் நகம் வைக்கும் பள்ளத்தில் மரச்சீவல் ஒன்றைக் கொடுத்து மெல்ல நெம்ப, அலகு அசைந்தது. உட்புறத்தில் அடைந்திருந்த பஞ்சையும் புகையிலைத் தூளையும் மூங்கில் குச்சியால் கிளறி எடுத்தேன். பின்னர் அடிக்கட்டையின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு விண்மீன், அதனருகே மால்டா சிலுவை எனப்படும் எண்முனைக் குறி, 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்ட், இங்கிலாந்து', மறுபக்கம் ஒரு முடியும் அதன் இருபுறமும் 'ஜி', 'ஆர்' என்னும் எழுத்துகளும்.

ஷெஃபீல்ட், இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரம். அங்குள்ள கத்திக் கொல்லர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தொழிலாளர்க்குத் தனித்தனி முத்திரை வழங்கிக் காத்து வந்தது அச்சங்கமே. விண்மீனும் சிலுவையும் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1822இல் அந்நிறுவனம் அரச குடும்பத்துக்குக் கத்தி வழங்கும் உரிமை பெற்றது. அதன்பின் ஆளும் மன்னரின் முதலெழுத்தை அலகில் பொறித்தது. விக்டோரியா அரசிக்கு 'வி', எட்வர்டுக்கு 'இ', ஜார்ஜுக்கு 'ஜி'.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910இல். அதற்கு முன் நான்காம் ஜார்ஜ் ஒருவர் இருந்தாரே என்றால், அவர் 1830இல் மறைந்துவிட்டார். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கமோ, இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பின்னரே பரவியது. ஆகவே இக்கத்தி 1910க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. எங்கள் பாட்டனாரின் தந்தையோ 1908லேயே மறைந்தவர். வீட்டுப் பழைய கணக்கேட்டில் அந்தத் தேதி இருக்கிறது.

கைப்பிடியையும் ஆராய்ந்தேன். தந்தம் என்றே வீட்டில் சொல்லி வந்தார்கள். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். எலும்பிலோ குண்டூசி முனை அளவில் கரும்புள்ளிகள் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரிந்தவை புள்ளிகளே. மாட்டெலும்பு! இதில் எனக்கு வருத்தமில்லை. தந்த வாணிபம் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அந்தத் தலைவலி இல்லாமற் போயிற்று.

இனிச் சீரமைப்பு. செந்துருவை மட்டும், மிக நுண்ணிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டு, முத்திரையின் பக்கம் போகாமல் அகற்றினேன். அலகின் சாம்பல் கருமையை அப்படியே விட்டேன். அது அழுக்கன்று; துருவேறா எஃகு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவரால் உருவாக்கப்படும் முன்பும், பின்னர் நெடுநாளும் வழங்கிய கரிம எஃகின் இயல்பான தோல்; ஓரளவு துருவையும் தடுக்கும். எலும்புப் பிடியை நீரில் ஊறவிடலாகாது, வெடித்துவிடும். மடிப்புக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். பழம் நறுக்கும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கேறும்.

கூர் தீட்டத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் கொடுத்துவிடாதீர்கள். தீப்பொறி பறக்கும் வேகத்தில் அலகின் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், எஃகின் பதம் போயிற்று என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நில்லாது. எண்ணெய்க்கல்லில், ஏறத்தாழ இருபது பாகைச் சாய்வில், பொறுமையாகக் கையால் தீட்டுவதே முறை. எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன.

கத்தியைத் திருப்பித் தரும்போது, முத்திரை சொன்ன செய்தியைப் பெரியும்மாவிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். எழுபது ஆண்டுகளாக நம்பி வந்த ஒன்று. சொல்லாமலிருக்கவும் மனம் வரவில்லை. பென்சில் தாளைக் காட்டி, ஆண்டுக் கணக்கை விளக்கினேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்போ வாப்பா காசு கொடுத்து வாங்கினதா இது?" என்றார். சற்றுப் பொறுத்து, "அவங்க வாப்பா மௌத்தானப்ப வாப்பாவுக்கு நாலு வயசு. முகமே ஞாபகம் இல்லேன்னு ஒரு தடவை சொன்னாங்க" என்று முணுமுணுத்தார்.

அலகைத் திறந்து விரல்நுனியால் கூர் பார்த்தவர், அடுப்படியில் இருந்த மாம்பழங்களில் ஒன்றை எடுத்து வரச் சொன்னார்.