அப்பாவின் நிழல் எங்கே?

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட அப்பாவை, கல்யாண போட்டோவில் அம்மா பக்கத்தில் நிற்கவைத்துத் தர வேண்டும். பழைய படத்திலிருந்து அவரை முடி இழை பிசகாமல் வெட்டி எடுக்கிறார்கள், நிறத்தையும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். இருந்தும் அவர் அந்தரத்தில் மிதக்கிறார். வெட்டில் குறையில்லை, நிழல்தான் இல்லை. அல்லது, இருக்கிற நிழல் அவருடையதாக இல்லை.

போட்டோஷாப் பழகத் தொடங்குபவர் முதலில் தேடிப்போவது ‘டிராப் ஷேடோ’வைத்தான். 1994இல் வந்த 3ஆம் பதிப்பு லேயர்களைக் கொடுத்தது. 1998இல் வந்த 5ஆம் பதிப்பு லேயர் எஃபெக்ட்களைக் கொடுத்தது. அதுவரை சேனல்களை வைத்துக் கையால் உருவாக்கிய நிழல், ஒரு கிளிக்கில் வந்து விழுந்தது. ஆனால் அது சுவரில் ஒட்டிய தாளின் நிழல். உருவத்தை அப்படியே நகலெடுத்து, சற்றுத் தள்ளி, மங்கலாக்கிப் பின்னால் வைக்கிறது. தலைப்பு எழுத்துக்கும் ஆல்பத்தின் ஓரத்தில் பதிக்கும் சின்னப் படத்துக்கும் அது பொருத்தமானது. தரையில் நிற்கும் மனிதருக்கு அதைப் போடவே கூடாது.

கண் இதில் எவ்வளவு கறார் என்பதை டேனியல் கெர்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 1990களில் ஒரு சிறிய அனிமேஷனில் காட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு பந்து நகர்கிறது. நிழல் பந்தை ஒட்டியே போனால், பந்து தரையோடு உருண்டு உள்ளே போவதாகத் தெரிகிறது. நிழல் பந்தைவிட்டு விலகிப் போனால், பந்து காற்றில் எழும்புகிறது. இரண்டிலும் பந்தின் பாதையும் அளவும் ஒன்றேதான். மாறியது நிழல் மட்டும்.

ஆகவே பாதத்திலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் லேயருக்குக் கீழே புது லேயர் ஒன்றைத் திறந்து, அதன் பிளெண்ட் மோடை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். அப்போதுதான் தரையின் கோலமும் ஜமுக்காளத்தின் கோடுகளும் நிழலுக்குள் தெரியும். சிறிய மென்மையான பிரஷ்ஷால், செருப்பு தரையைத் தொடும் கோட்டில் மட்டும் அழுத்தமாகத் தீட்டுங்கள். அவர் தரைக்கு இறங்கிவிடுவார். பல விளக்குகள் எரியும் மண்டபத்தில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் இதுவே போதும். நீள நிழல் அங்கே யாருக்கும் இருக்காது.

வெயிலில் எடுத்த படத்துக்குத்தான் நீள நிழல் வேண்டும். அப்பாவின் லேயரை நகலெடுத்துக் கறுப்பாக நிரப்பி, ‘டிஸ்டார்ட்’ கொண்டு தரையில் சாய்த்துப் படுக்கவையுங்கள். திசையையும் நீளத்தையும் பக்கத்தில் நிற்பவரின் நிழலிலிருந்து எடுங்கள். பிறகு ‘காஸியன் பிளர்’. எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கல் கூடாது. சூரியன் ஒரு புள்ளியல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் பொருளிலிருந்து 1 மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் மங்குகிறது. பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் போகப்போக மங்கலாகவும் இருக்கட்டும். கூர்மையானது ஒன்று, மங்கலாக்கியது ஒன்று என நிழலை இரண்டு லேயர்களில் வைத்து, அவற்றின் லேயர் மாஸ்க்குகளில் எதிரெதிர்த் திசையில் கிரேடியன்ட் இழுத்தால் அது வரும். வெட்டவெளி நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். சுத்தக் கறுப்பை விட்டுவிட்டு, படத்திலேயே உள்ள நிழலில் ஐட்ராப்பரை வைத்து நிறம் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’பிலும் இத்தனையும் செய்யலாம்.

பலர் மறப்பது அடுத்தவர்மேல் விழும் நிழலை. இருவர் தோள் உரச நின்றால் இடையில் வெளிச்சம் குறையும். அம்மாவின் முந்தானையில், அப்பாவின் கை படும் இடத்தில் லேசான இருட்டைச் சேர்த்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் இந்த ஒரு தீற்றலுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள் என்று சொல்வது அதுதான்.

கூர்மையையும் கவனியுங்கள். அம்மா நிற்கும் வரிசையிலேயே அப்பாவும் நிற்பதால் அம்மாவின் முகம் எவ்வளவு தெளிவோ அவ்வளவுதான் அவர் முகமும். பழைய ஃபிலிம் படத்தின் பொடிப்பொடியான துகள்கள் அவரிடம் மட்டும் இருந்தால், கொஞ்சம் நாய்ஸைக் குறையுங்கள்.

இவ்வளவுக்கும் முன்பு பார்க்க வேண்டியது முகத்தில் விழுந்திருக்கும் வெளிச்சத்தை. அப்பாவின் மூக்கு நிழல் இடப்பக்கமும் மற்றவர்களுடையது வலப்பக்கமும் விழுந்தால், தரை நிழல் எத்தனை நன்றாக இருந்தாலும் ஒட்டாது. படத்தை இடவலமாகப் புரட்டிவிடலாமே என்று தோன்றும். புரட்டினால் சட்டைப் பை வலப்பக்கம் போகும், தலை வகிடு மாறும், கன்னத்து மச்சம் இடம்பெயரும். அம்மா பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் வேறு படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.