காற்று புகும் ஓட்டை

இளநீரை உறிஞ்சு குழல் வைத்துக் குடிக்கும்போது குழலில் ஒரு விரிசல் இருந்தால் என்ன நேரும்? எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். ஆனால் விரிசல் வழியே ஒரு சொட்டு இளநீரும் வெளியே சிந்தாது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர்க் குழாயின் ஓட்டை தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். வெற்றிடக் குழாயின் ஓட்டை அப்படியன்று. அங்கே எதுவும் வெளியேறுவதில்லை. வெளிக்காற்றே உள்ளே புகுகிறது.

நெய்வேலிவாசிகளுக்கு இது தொடர்பற்ற செய்தியன்று. சோவியத் உதவியுடன் அமைந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்ற முதல் அனல்மின் நிலையத்திலும் இந்தச் சிக்கலுக்கு இடமிருந்தது. டர்பைனைச் சுழற்றிய நீராவி, கண்டன்சரில் குளிர்ந்து நீராகிறது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எந்த இணைப்பிலாவது காற்று புகுந்தால், அதே நிலக்கரிக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும். முற்காலத்தில் அனல்மின் நிலையங்களில் இணைப்புகளின் அருகே மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்ப்பதுண்டு. சுடர் எங்கே உள்நோக்கிச் சாய்கிறதோ, அங்கே ஓட்டை!

இதே தொல்லை இங்குள்ள நண்பர் ஒருவரின் பழைய டீசல் காருக்கும் வந்தது. கத்திரி வெயிலில் குளிர்காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடியின் மேல் வீசியது. இரண்டு முறை குளிர்சாதன வாயு நிரப்பியும் பயனில்லை. காற்று குளிர்ந்துதான் இருந்தது, திசைதான் தவறு. அப்படியானால் குறை வாயுவில் இருக்க முடியாது அல்லவா?

பழைய கார்கள் பலவற்றில் காற்றின் திசையை மாற்றும் கதவுகளை வெற்றிடமே இயக்குகிறது. ஒரு சிறு கிண்ணம். அதன் குறுக்கே ரப்பர் சவ்வு. ஒருபுறத்துக் காற்றை அகற்றினால் மறுபுறத்துக் காற்று சவ்வைத் தள்ளும். சவ்வின் விட்டம் 5 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. வளிமண்டலம் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. உட்புற அழுத்தம் பாதியாகக் குறைந்தாலே 10 கிலோ விசை கிடைத்துவிடும்! காற்று கசிந்தால் விசை போய்விடும். பல கார்களில் அப்போது கதவு முன்கண்ணாடிப் பக்கம் திரும்பும். பனி மூடினாலும் பாதை தெரியவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

பெட்ரோல் எஞ்சினில், உள்ளே வரும் காற்றைத் திராட்டில் வால்வு தடுப்பதால் வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. பழைய டீசல் எஞ்சினில் அந்தத் தடை இல்லை. ஆகவே தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கும் அதே பம்புதான். மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 டீசல் காரில் எஞ்சினை நிறுத்துவதும் வெற்றிடமே. கசிவு மிகுந்தால் சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி ஓட்டையைத் தேடுவோம். முதலில் பம்பின் அருகே வெற்றிட அளவியை இணைக்கவேண்டும். நல்ல பம்பு பொதுவாகச் சுமார் 60 செ.மீ. பாதரச அளவு காட்டும். காட்டாவிட்டால் குறை பம்பிலேயே இருக்கலாம். காட்டினால், குழாய்களை மீண்டும் மாட்டிவிட்டு, கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள். எந்தக் கிளையை அடைத்ததும் முள் ஏறுகிறதோ, ஓட்டை அந்தக் கிளையில்தான். பிறகு கைப்பம்பால் அக்கிளையின் ஒவ்வொரு கிண்ணத்தையும் சோதிக்கலாம். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சவ்வு நலம். எஞ்சின் ஓடும்போது விசிறியிடமும் பெல்ட்டிடமும் கையும் துணியும் போகவேண்டாம்.

நண்பரின் காரில் குற்றவாளி, டாஷ்போர்டின் பின்னே வெப்பத்தால் வெடித்திருந்த விரல் நீள ரப்பர் இணைப்பு. வாயுவுக்குச் செலவான பணத்தில் அதுபோல் ஒரு கூடை வாங்கியிருக்கலாம்!

கடைசியாக ஒன்று. எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கைச் சிலமுறை மிதித்து, பிறகு அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சற்றே கீழிறங்கவேண்டும். இறங்காமல் கடினமாகவே நின்றால், குறை குளிர்சாதனக் கிளையோடு நிற்கவில்லை. பம்பையோ, பூஸ்டரையோ, அவற்றை இணைக்கும் குழாயையோ பார்த்தாகவேண்டும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காரைப் பழுது பார்க்கும்வரை சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.