மறைந்த நோயைக் காட்டும் நிறம்

யானைக்கால் நோய் என்றதும் வாடிப்பட்டி வட்டாரத்தாராகிய நாம் வீங்கிய காலையே நினைக்கிறோம். ஆனால் கொசுவழிப் புகும் அதன் புழுக்கள் பல்லாண்டுகள் புறக்குறியின்றி உடலில் வாழக்கூடியன. அவற்றை எதிர்த்துக் குருதியில் தோன்றும் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் நான்கு உட்பிரிவுகளை உடையது. இயல்பாக மிகக் குறைந்திருக்கும் நான்காம் பிரிவு, இத்தொற்றில் ஓங்கி நிற்பதை அமெரிக்க அறிஞர் ஒட்டெசனும், சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தைச் சார்ந்த திரிபாதியும் உள்ளிட்ட குழுவினர் 1985இல் வெளியிட்டனர்.

அதனைப் பிரித்தறிவது எங்ஙனம்? புழுவின் புரதம் பூசிய குழியில் குருதித் தெளிநீரை இட்டுக் கழுவினால், புரதத்தைப் பற்றிய எதிர்ப்பொருள்கள் மட்டும் தங்கும். பின்னர், நான்காம் பிரிவை மட்டுமே பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை நொதி பிணைத்து இடுவர். மீண்டும் கழுவி, நொதிக்குரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் நிறம் தோன்றினால் நான்காம் பிரிவு உண்டு.

வீங்கிய கால் பழைய நிலைக்கு மீள்வது அரிது. முன்னரே அறிந்தால் மாத்திரையால் நுண்புழுக்களை அழிக்கலாம். ஆதலின், நலமாயிருக்கிறோம் எனக் கருதிக் குருதிச் சோதனையை நாம் தவிர்த்தல் தகாது.