மெட்ராஸ் ஐ போன பிறகும் மங்கலா?

சிவப்பு போய்விட்டது, பூளை நின்றுவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் ஒரு சுற்று வந்து ஓய்ந்தும்விட்டது. ஆனாலும் இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் சிதறித் தெரிகிறது. பஸ் போர்டு கலங்கலாக இருக்கிறது. 'பவர் ஏறியிருக்கும்' என்று பலர் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம்.

மங்கல் எங்கிருந்து வருகிறது?

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸின் வேலை. வெண்விழியோடு நின்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அதன் சில வகைகள் கருவிழியையும் தொடும். அப்போது, கண் தேறிவிட்டது என்று நினைக்கும் இரண்டாம் வார வாக்கில், கருவிழியின் மேல்தோலுக்கு அடியில் சாம்பல் நிறப் பொட்டுகள் கிளம்பும். தங்கிவிட்ட வைரஸ் துணுக்குகளை எதிர்த்து நம் உடல் நடத்தும் சண்டைதான் இது. பொட்டுகள் கரைய மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் இழுக்கும். பார்வை மாறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் புதுக் கண்ணாடி வாங்குவது, என்னைக் கேட்டால், தண்டச் செலவு.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் பொட்டுகள் மங்கும், உண்மைதான். சட்டென்று நிறுத்தினால் திரும்பி வரும் என்பதும் உண்மை. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். வந்தது அடினோ அல்ல, ஹெர்பிஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். வைரஸ் மருந்து இல்லாமல் விடும் ஸ்டீராய்டு புண்ணைப் பரப்பிவிடும்.

பழைய லென்ஸ்

தொற்று வந்தபோது போட்டிருந்த லென்ஸ், அதன் டப்பா, திறந்த சொல்யூஷன் பாட்டில், கண் மை எல்லாமே குப்பைக்குத்தான். அடினோ வைரஸ் உலர்ந்த பரப்பில்கூட வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மருத்துவர் சொல்லும்வரை கண்ணாடியே போதும்.

ஹெர்பிஸ் விட்டுப்போகும் தழும்பு

ஹெர்பிஸ் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் கிளை பிரிந்த பச்சைக் கோடு தெரியும். புண் ஆழமாகி ஆறினால் பூ விழுந்த கண்ணாகிவிடும். தழும்பு அடர்த்தியாக நடுவில் உட்கார்ந்துவிட்டால் எந்த லென்ஸும் உதவாது; கருவிழி மாற்று அறுவைதான் வழி. தழும்பு லேசாக இருந்து, மேற்பரப்பு மட்டும் கோணலாகியிருந்தால் கதை வேறு.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. குண்டூசி அளவு துளை போட்ட அட்டை வழியே எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்வார்கள். துளை வழியே இன்னும் இரண்டு வரி கூடுதலாகப் படிக்க முடிந்து, கண்ணாடி போட்டால் முடியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மேற்பரப்பின் கோணலில்தான். சாஃப்ட் லென்ஸ் அந்தக் கோணலோடு தானும் வளைந்து கொடுத்துவிடும். கடைக்காரர்கள் 'செமி சாஃப்ட்' என்று சொல்லும் ஆர்ஜிபி லென்ஸ் வளையாது. குண்டும் குழியுமான தெருவில் மழைநீர் நிரம்பினால் மேலே சமமாகிவிடுவதுபோல, லென்ஸுக்கு அடியில் கண்ணீர் நிரம்பிப் பள்ளங்களை மூடிவிடுகிறது. இது உறுத்தினால் ஸ்கிலீரல் லென்ஸ் இருக்கிறது. அளவில் பெரியது, கருவிழியைத் தொடாமல் வெண்விழியில் அமரும்.

போடுவதற்கு முன்

கண் சில மாதங்களாவது அமைதியாக இருந்திருக்க வேண்டும். ஹெர்பிஸ் நரம்பில் பதுங்கி மறுபடி தலைகாட்டும் கிருமி. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை ஓராண்டு எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கு மட்டுமே நோய் திரும்பியது. எடுக்காதவர்களில் 32 சதவீதம். லென்ஸ் தொல்லையே வேண்டாமென்று லேசர் சிகிச்சைக்கு அவசரப்படுபவர்கள், தமக்கு ஹெர்பிஸ் வந்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லேசரே அதைத் தட்டி எழுப்பலாம்.

மருத்துவர் பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பார். ஹெர்பிஸ் வந்த கண்ணில் உணர்ச்சி குறைந்திருக்கும். லென்ஸ் கீறினாலும் வலிக்காது. அதனால் இரவில் கழற்றியதும் கண்ணாடி முன் நின்று கண்ணைப் பாருங்கள். சிவப்போ, கூச்சமோ, புது மங்கலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். லென்ஸ் டப்பாவையும் எடுத்துப் போனால் கிருமிப் பரிசோதனைக்கு உதவும்.