கூப்பர் பிளாக் எழுத்துருவின் இயல்பும் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கூப்பர் பிளாக் என்னும் தடித்த தலைப்பு எழுத்துருவின் வடிவக் கூறுகளையும் பயன்பாட்டு வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. அதன் ‘பழமைத் தோற்றம்’ வடிவத்தினால் மட்டும் அமைவதா, வழக்கினால் அமைவதா என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: எழுத்துரு, அச்சியல், செரிஃப், கூப்பர் பிளாக், காலக் கணிப்பு.

முன்னுரை

உரோமன் எழுத்துகளின் கோட்டு முனைகளில் அமையும் சிறு அடிக்கட்டையைச் செரிஃப் என்பர். நூலின் உள்ளுரைக்குரிய எழுத்துருக்களில் அது மெலிந்தும் கூர்மையாகவும் இருக்கும். தலைப்புக்கும் விளம்பரத்திற்கும் உரியவற்றில் அதுவே மிகைப்படுத்தப்பெறும். அவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது கூப்பர் பிளாக். சிகாகோவைச் சேர்ந்த எழுத்தோவியர் ஆஸ்வால்ட் கூப்பர் (1879–1940) இதனை உருவாக்கினார். அந்நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்னும் அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது.

வடிவ இயல்பு

இவ்வெழுத்துருவில் கூர்முனை இல்லை. செரிஃபுகள் அனைத்தும் உருண்டு, மை ஊறிப் பரவியது போன்ற விளிம்புடன் அமைந்துள்ளன. ‘ஓ’ எழுத்தின் உள்வெளி இடப்பக்கம் சாய்ந்திருப்பது தூரிகை எழுத்தின் சாயலைத் தருகிறது. பொதுவாகத் தட்டையான அடியுடைய எழுத்துகளோடு ஒத்துத் தோன்றுவதற்காக, வட்ட எழுத்துகள் அடிக்கோட்டினும் சற்றுக் கீழிறக்கி வரையப்படும். கூப்பர் பிளாக்கிலோ பெரும்பாலான எழுத்துகளின் அடி வளைந்தே இருப்பதால், அவை கோட்டில் சிறிது பிறழ்ந்தாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எழுத்துகளை நெருக்கி அடுக்கவும் இவ்வளைவு இடந்தருகிறது. எனினும், உள்வெளி மிகக் குறுகியதாதலின் சிற்றளவில் எழுத்து அடைபட்டுத் தெளிவிழக்கும். ஆதலின் இது தொடர் உரைக்கு ஏற்றதன்று.

பயன்பாடு

தோன்றிய காலத்தில் இது பழம்பொருளாகக் கருதப்படவில்லை. செய்தித்தாள் விளம்பரத்திற்குரிய புதுமையாகவே விற்கப்பட்டது. 1960களில் ஒளி அச்சுக்கோப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் இதற்கு மறுவாழ்வளித்தன. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டின் உறையிலும், 1968இல் தொடங்கிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் பிபிசி நகைச்சுவைத் தொடரின் தலைப்பிலும் இதனைக் காணலாம். 1995இல் தொடங்கப்பெற்ற ஈசிஜெட் வானூர்தி நிறுவனத்தின் பெயர்ச்சின்னமும் இதனாலானதே.

ஆய்வுப் பயன்

ஒரே வடிவம் 1920களில் புதுமையையும், 1960களில் இளமையையும், இன்று பழமையையும் குறிக்கிறது. எனவே ‘பழமை’ வடிவத்திலேயே உறையும் பண்பன்று. வழக்கு ஏற்றிய பொருளாகும். ஆண்டு குறிக்கப்பெறாத துண்டு வெளியீடுகளை எழுத்துருவைக் கொண்டு காலங்கணிப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். எழுத்துரு வெளியான ஆண்டு கால மேல்வரம்பை மட்டுமே உறுதிசெய்யும். அதாவது, கூப்பர் பிளாக்கில் அச்சான தாள் 1922க்கு முற்பட்டதன்று என்று கூறலாம். எவ்வளவு பிற்பட்டது என்பதை அச்சுமுறை, தாள், மை ஆகியவையே உணர்த்தும்.

நிறைவுரை

கூப்பர் பிளாக்கின் நீடித்த வாழ்வுக்கு அதன் வளைந்த அடியும் அடர்ந்த கருமையும் அடிப்படையாயின. அதன் பொருளையோ, அதனைக் கையாண்ட ஒவ்வொரு காலமுமே வகுத்தது. ஆகவே எழுத்துருவின் வடிவ விளக்கமும் வழக்கு வரலாறும் இணைத்தே ஆராயத்தக்கன.